சர்க்கரை இறங்கும் நேரம்

நாடே சர்க்கரை ஏறுவதைக் கண்டு அஞ்சுகிறது. இந்தூரில் ஒரு குடும்பம் அது இறங்குவதற்கு அஞ்சி இரவுகளைக் கழிக்கிறது.

இந்தூரின் சராஃபா பஜாரில் நகைக்கடைகள் மூடிய பிறகுதான் அடுப்புகள் எரியத் தொடங்கும். ஜிலேபி, ரபடி, மால்புவா என்று நள்ளிரவு தாண்டியும் கூட்டம் குறையாது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடியில், 48 வயது வங்கி ஊழியர் ஒருவர் தினமும் இரவு பதினொன்றரை மணிக்குப் பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். வேகவைக்காத மாவு வயிற்றில் மெதுவாகக் கரையும். விடியும்வரை ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமல் இருக்க அவருக்குக் கிடைத்திருக்கும் காவல் அது.

அந்தக் காவலை முழுதாக நம்ப முடியாது. எனவே நாலு மணிக்கு அலாரம் அடிக்கிறது. மனைவி எழுந்து விளக்கைப் போட்டு, "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறார். கிழமை சரியாக வந்தால் விளக்கு அணைகிறது. வராவிட்டால் தலைமாட்டில் தயாராக இருக்கும் குளுக்கோஸ் கரைசலுக்குக் கை நீள்கிறது. "'எதற்குக் கேட்கிறாய்?' என்று எரிந்து விழுந்தால் 60க்குக் கீழே. பதிலே வராமல் சிரித்தால் 45க்குக் கீழே. விரலைக் குத்திப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்" என்கிறார் அவர். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையல்காரர். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர்.

கணவரின் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் இருக்கின்றன. கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வளரும் கட்டிகள் இவை. இந்தச் சொல்லை இந்தியா பரவலாகக் கேள்விப்பட்டது 2018 மார்ச்சில், தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி வந்திருப்பதாக நடிகர் இர்ஃபான் கான் அறிவித்தபோது. 2020 ஏப்ரலில் அவர் மறைந்தார். 2011இல் இறந்த ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இருந்தது கணையத்தில் வந்த இதே இனத்துக் கட்டி. ஆனால் இந்த இனத்தில் பல ஜாதிகள் உண்டு. சில எந்த ஹார்மோனையும் வெளியே காட்டாமல் ஓசையின்றி வளரும். சில ஏதாவது ஒரு ஹார்மோனைக் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். இந்தூர்க்காரருடையது இன்சுலினைக் கொட்டும் ரகம். அதற்கு இன்சுலினோமா என்று பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரைதான் இது வரும். பத்தில் ஒன்பது கட்டிகள் புற்றுநோயாக மாறாதவை. பெரும்பாலானவை இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டாதவை. உளுந்தளவு, சுண்டைக்காயளவுக் கட்டி ஒன்று ஒரு மனிதனின் புத்தியைத் தினமும் சில நிமிடங்கள் பறித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்.

பறிபோனது என்பது பறிகொடுத்தவருக்கே தெரியாது. இந்த நோயின் தனிக் கொடுமை அதுதான்.

2021 ஆகஸ்ட்டில், சிராவண மாதத் திங்கட்கிழமை ஒன்றில் அது வெளிச்சத்துக்கு வந்தது. மால்வா பகுதியில் பலருக்கு அது உஜ்ஜைனி மகாகாலேஸ்வரருக்கான விரத நாள். அவரும் இளம் வயதிலிருந்தே விரதம் இருப்பவர். முந்தின இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வங்கியின் ரொக்கக் கவுண்ட்டரில் உட்கார்ந்தார். பதினொன்றரை மணிவாக்கில் ஒரு வாடிக்கையாளர் பத்தாயிரம் ரூபாய் எடுக்க வந்தார். கொடுக்க வேண்டியது நூறு ரூபாய்க் கட்டு ஒன்று. மாலையில் கணக்கை முடித்தபோது ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. நூறு ரூபாய்க் கட்டு ஒன்று கூடுதலாக இருந்தது. நஷ்டம் நாற்பதாயிரம்.

"இரண்டின் நிறமும் வேறு. ஒன்று சாம்பல், ஒன்று ஊதா. இருபது வருடம் கையில் பிடித்த நோட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்லிவிடுவேன்" என்கிறார் கணவர். கேமராப் பதிவில் அவர் ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று நிமிடம் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிறகு லேசாகச் சிரித்துவிட்டுக் கட்டைக் கொடுத்தார். பணம் வாங்கியவர் தமக்கு ஒரு கட்டுதான் கிடைத்தது என்றார். அதுவும் உண்மைதான். படத்தில் நிறம் தெளிவாக இல்லை.

வழக்கப்படி குறைந்த பணத்தைக் காசாளரே கட்டினார். மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்கு அவர் எழுதிய பதில் ஒரே வரி: "என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை." ரொக்கம் கையாளும் ஒருவர் எழுதக்கூடியவற்றிலேயே மோசமான பதில் அது. அருகில் உட்கார்ந்திருந்த சக ஊழியர் அவர் குடித்திருந்தாரோ என்று சந்தேகப்பட்டார். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். கோப்பில் 'கவனக்குறைவு' என்ற சொல் ஏறியது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வைத்தியம் ஊர் சுற்றியது. ஒரு காலையில் அவர் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தலைவாரிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் ஸ்கூட்டரில் வங்கிக்குக் கிளம்பியவர் ஊருக்கு வெளியே தேவாஸ் சாலையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு விடியற்காலை கைகால் வெட்டி இழுத்தது. நரம்பு மருத்துவர் வலிப்பு என்று முடிவு செய்து எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார். மனநல மருத்துவர் மெமோவின் பாதிப்பு என்றார். உறவினர் ஒருவர் தாயத்து கட்டினார். சர்க்கரையைச் சோதிக்காமலும் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அவர் வழியில் போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இந்தூரில் காலை என்றால் அதுதான். ரத்தம் எடுக்கும் நேரத்தில் சர்க்கரை 96, 104 என்று அழகாக இருக்கும். சீட்டில் 'நார்மல்' என்று எழுதுவார்கள்.

வீட்டில் வேறொரு தடையும் இருந்தது. அவருடைய தாயாருக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய். இந்தியாவில் பத்துக் கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் சொன்னது. அந்தப் பத்துக் கோடிக் குடும்பங்களைப் போலவே இங்கும் சர்க்கரை என்றால் அது ஏறுவதுதான். மகன் இளைக்கவில்லை, ஒன்றரை வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டான். அடிக்கடி பசிக்கிறது என்கிறான். தனக்கு வந்தது மகனுக்கும் வந்துவிட்டது என்று தாயார் முடிவுகட்டினார். மகனுடைய தேநீரில் சீனி நின்றது. தடுமாற்றம் அதிகமாயிற்று.

கடைசியில் துப்புக் கிடைத்தது மருத்துவமனையில் அல்ல, ஒரு தையல்காரரின் அளவு நோட்டில்.

தோள், மார்பு, கை நீளம் என்று வாடிக்கைப் பெண்களின் அளவுகளை எழுதிவைக்கும் நோட்டு அது. அதன் கடைசிப் பக்கங்களில் மனைவி நான்கு பத்திகளாகக் கோடு போட்டார். தேதியும் நேரமும் ஒன்றில். என்ன செய்தார் என்பது இரண்டாவதில். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பது மூன்றாவதில். நான்காவது பத்தியின் தலைப்பு: 'எப்போது திரும்பி வந்தார்.'

"டாக்டர் 'என்ன ஆகிறது?' என்று இவரைக் கேட்பார். இவர் 'ஒன்றும் இல்லை' என்பார். பொய் சொல்லவில்லை. இவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நான் சொல்வதை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. பயந்த பெண்டாட்டி மிகைப்படுத்துகிறாள் என்று நினைப்பார்கள்" என்கிறார் மனைவி. "எழுதி வைத்தால் மறுக்க முடியாது இல்லையா?"

நோட்டு நிரம்ப நிரம்ப ஒரு விஷயம் தெரிந்தது. தடுமாற்றம் எல்லாம் விடியற்காலையில், அல்லது சாப்பாடு தள்ளிப்போன நாளில். ஒருமுறை மாமியார் கஜ்ரானா கணேசர் கோயில் பிரசாத லட்டுவை மகன் வாயில் ஊட்டினார். பன்னிரண்டு நிமிடத்தில் மகன் தெளிந்துவிட்டார். கணேசரின் அருள் என்று மாமியார் கைகூப்பினார். மருமகளும் கைகூப்பினார். ஆனால் நோட்டில் 'பிரசாதம், 12 நிமிடம்' என்று எழுதிக்கொண்டார். அடுத்த முறை கரும்புச்சாறு கொடுத்துப் பார்த்தார். பத்து நிமிடம். அதற்கடுத்த முறை அடுக்களையிலிருந்து மூன்று ஸ்பூன் வெறும் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு நிமிடம்.

2023 ஜனவரியில் ஒரு நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கணவர் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மனைவி, மாமியாரின் சர்க்கரை மெஷினை எடுத்துவந்து அவர் விரலைக் குத்தினார். 38. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தன் விரலைக் குத்திப் பார்த்தார். 92. மறுபடி கணவருக்கு. 36. சீனித்தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மீண்டும் குத்தினார். 81. "காலையில் என்ன கிழமை என்று கேட்டேன். 'வியாழன், ஏன்?' என்றார். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி ஆரம்பித்தது."

நியூயார்க்கின் அறுவை சிகிச்சை நிபுணர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று அடையாளங்களை வகுத்தார். சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறிகள் தெரிய வேண்டும். அதே நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் மேற்கொண்டு கட்டியைத் தேட வேண்டும் என்பது விதி. இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் இது பாடம். அளவு நோட்டைப் புரட்டிய ஹார்மோன் நிபுணர், விப்பிளின் மூன்று அடையாளங்களையும் அதில் கண்டார். கோடு போட்டவருக்கு விப்பிளின் பெயர்கூடத் தெரியாது.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கணையத்துக்குள் தீவுத்தீவாகச் செல் கூட்டங்கள் இருப்பதை 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1921இல் டொரோன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். செத்துக்கொண்டிருந்த சர்க்கரை நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஊசியின் அளவு மிஞ்சினால் நோயாளி வியர்த்து, உளறி, மயங்குவதையும் மருத்துவர்கள் பார்த்தார்கள். அப்போதுதான், ஊசியே போடாத சிலரும் அப்படி உளறி மயங்குவது ஏன் என்ற கேள்வி எழுந்தது. 1926இல் அமெரிக்காவின் வில்லியம் மேயோ அப்படி ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது கணையத்தில் கட்டி இருந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. 1929இல் ராஸ்கோ கிரஹாம் என்ற அறுவை நிபுணர் இன்னொருவரின் கட்டியை அகற்றிக் குணப்படுத்தினார். அதுவும் டொரோன்டோவில்தான். இன்சுலின் போதாதவர்களுக்கு வழி கண்ட ஊரே எட்டு ஆண்டுகளில் அது மிஞ்சியவருக்கும் வழி கண்டது.

நோட்டைப் பாராட்டிய நிபுணர் அடுத்துச் செய்தது மனைவியைப் புண்படுத்தியது. கணவரை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறதா, அதை யார் எடுத்துக் கொடுப்பது என்று கேட்டார். பிறகு மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக் கணவரிடமும் அதையே கேட்டார். "நான் கொடுக்கிறேனா என்று கேட்கிறார். ஒன்றரை வருடம் தூங்காமல் எழுதினதற்குக் கிடைத்த பரிசு" என்கிறார் மனைவி. ஆனால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. மாத்திரை மாறிப்போவதும், தெரிந்தே இன்சுலின் ஏற்றிக்கொள்வதும் இதே கோலத்தைக் காட்டும். இரண்டையும் ரத்தமே பிரித்துச் சொல்லிவிடும். உடம்பு தானாக இன்சுலின் செய்யும்போது சி-பெப்டைடு என்ற துண்டும் கூடவே வெளிவரும். ஊசி இன்சுலினில் அது கிடையாது. மாத்திரை சாப்பிட்டிருந்தால் மாத்திரையின் தடயம் இருக்கும்.

இதற்கான சோதனை 72 மணிநேர உண்ணாவிரதம். மருத்துவமனையில் படுக்கவைத்து, தண்ணீர் மட்டும் கொடுத்து, சர்க்கரை இறங்கும்வரை காத்திருந்து, இறங்கிய கணத்தில் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இவருக்குப் பதினான்கு மணி நேரமே போதுமானதாக இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லும்படி நர்ஸ் கேட்டார். "93, 86" என்றவர், "86, 86, 86" என்று நின்றுவிட்டார். சர்க்கரை 39. அந்த நிலையில் ஆரோக்கியமான கணையம் இன்சுலினை ஏறக்குறைய நிறுத்திவிடும். இவருடையது தாராளமாகச் சுரந்துகொண்டிருந்தது. சி-பெப்டைடும் அதிகம். மாத்திரையின் தடயம் இல்லை. மகாகாலருக்காக இருந்த விரதத்தில் போன நல்ல பெயருக்கு, மருத்துவமனையில் இருந்த விரதம் சாட்சி சொன்னது.

கட்டி இருக்கிறது என்பது தெரிந்தது. எங்கே என்பது ஏழு மாதம் தெரியவில்லை. வயிற்று சி.டி. ஸ்கேனில் எதுவும் அகப்படவில்லை. வாய்வழியாகக் குழாயை இறக்கி உள்ளிருந்தே பார்க்கும் அல்ட்ராசவுண்டில், கணையத்தின் வால்பகுதியில் 13 மில்லிமீட்டரில் ஒன்று தெரிந்தது. தில்லியில் எடுத்த ஒரு சிறப்பு பெட் ஸ்கேன் அதன் அருகில் இன்னொன்றையும் காட்டியது. அதற்கு உதவும் எக்ஸென்டின் என்ற பொருள் முதலில் கிடைத்தது கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில். இன்சுலின் செய்யும் செல்களை அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கதிரியக்கப் பொருளைச் சேர்த்து அனுப்பினால் கட்டி இருக்கும் இடம் ஒளிரும்.

கட்டி இரண்டு என்றதும் மருத்துவர்கள் குடும்பக் கதையைக் கேட்டார்கள். 29 வயதில் அவருக்குச் சிறுநீரகக் கல். இப்போதும் ரத்தத்தில் கால்சியம் அதிகம். தந்தை 51 வயதில், ஆறாத வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து இறந்தவர். தனித்தனியாக நடந்தவை என்று குடும்பம் நினைத்திருந்த மூன்றும் ஒரே நூலில் கோத்தவையாக இருக்கலாம் என்றார்கள். மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. 'மென்-1' என்ற பரம்பரைக் கோளாறு. அதற்குக் காரணமான மரபணு 1997இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தந்தை இறந்தபோது, இதைச் சோதித்துச் சொல்ல உலகில் யாராலும் முடிந்திருக்காது. இன்சுலினோமா உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்கும். தனிக்கட்டி என்றால் எடுத்தால் தீர்ந்தது. இவர்களுக்கு அப்படி இல்லை. புதிது புதிதாகக் கட்டி முளைக்கும்.

2023 செப்டம்பரில் கணையத்தின் வால்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அன்று மாலையே சர்க்கரை 160க்கு ஏறியது. "வாழ்க்கையில் முதல்முறையாக என் மாமியார், மகனுக்குச் சர்க்கரை ஏறியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்" என்று மனைவி சிரிக்கிறார். பதினாறு மாதம் அலாரம் இல்லை. மனைவி கிழமை கேட்கவில்லை. 2025 ஜனவரியில் ஒரு காலை, கணவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். மனைவி கதவைத் தட்டிக் கிழமையைக் கேட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

இந்த முறை கட்டி கணையத்தின் தலைப்பகுதியில், செரிமான நீர் ஓடும் குழாயை ஒட்டி இருக்கிறது. தொட்டால் குழாய் கிழியும் அபாயம். கணையம் முழுவதையும் எடுத்துவிட்டால் கட்டி போய்விடும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவர் சர்க்கரை நோயாளி. ஆயுளுக்கும் இன்சுலின் ஊசி. ஊசிவழியே வெப்பம் செலுத்திக் கட்டியைச் சுடும் முறையைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. இப்போதைக்கு டயாஸாக்ஸைடு மாத்திரை, இன்சுலின் சுரப்பதை மட்டுப்படுத்துகிறது. பதிலுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்கிறது, நெற்றியிலும் கன்னத்திலும் மயிர் முளைக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும். நூறுக்குக் கீழே இருந்தால் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். வங்கியில் ரொக்கக் கவுண்ட்டரிலிருந்து ஆவணப் பிரிவுக்கு மாறிவிட்டார்.

சாதாரணமாகச் சர்க்கரை இறங்கினால் முதலில் உடம்பு எச்சரிக்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கிறது. சேமித்து வைக்க அதற்குக் கிடங்கு இல்லை. ஆகவே அது பட்டினியாவதற்குள் இந்த மணிகள் அடிக்கின்றன. ஆனால் அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களுக்கு மணியின் ஓசை மங்கிவிடும். கவுண்ட்டரில் அன்றைக்குச் சட்டை நனைந்த மனிதருக்கு இப்போதெல்லாம் வியர்ப்பதே இல்லை. நல்ல புத்தியிலிருந்து நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுகிறார். கையில் ஒட்டி, சர்க்கரை இறங்கும்போது செல்போனில் கூவும் கருவியை மாதத்தில் பதினைந்து நாள் போட்டுக்கொள்கிறார். முழு மாதத்துக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. மீதி நாட்களில் மணி அடிக்க வேண்டியவர் மனைவிதான்.

அந்த நேரங்களில் நடப்பது எல்லாம் அமைதியாக நடப்பதில்லை. இருவரும் தயங்கித்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2025 மார்ச்சில் ஒரு இரவு, சர்க்கரை 41. மனைவி கரைசலை நீட்டினார். கணவர் டம்ளரைத் தட்டிவிட்டு, "விஷம் வைக்கிறாய். டாக்டருக்கே உன்மேல் சந்தேகம்" என்றார். மகள் வந்து கைகளைப் பிடித்துக்கொள்ள, கன்னத்தின் உட்பக்கம் குளுக்கோஸைத் தடவினார்கள். மயங்குகிறவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். பதினைந்து நிமிடம் கழித்து அவர், "ஏன் தரையெல்லாம் ஈரம்?" என்று கேட்டார்.

மனைவி அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார். "சர்க்கரை பேசிய பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? உள்ளே எங்கேயோ இருந்ததுதானே வெளியே வரும்?" என்று கேட்டார். மூளை பட்டினி கிடக்கும்போது உளறுவதற்குப் பொருள் தேடக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. படுக்கையறையில் அந்த அறிவுரை ஓரளவுக்குத்தான் உதவுகிறது.

கணவர் யோசித்துவிட்டு, வங்கிக்காரர்களுக்குத் தெரிந்த வழியில் ஒரு காரியம் செய்தார். அளவு நோட்டை வாங்கி எழுதினார்: "எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும்போது நான் வேண்டாம் என்று சொன்னால் அதை என் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது என் மனைவியைப் பற்றி நான் சொல்வது எதுவும் என்னுடையது அல்ல." கீழே கையெழுத்து. தேதி, நேரம். கையெழுத்தின் அருகில் அப்போது விரலைக் குத்திப் பார்த்த எண்: 104. "தெளிந்த புத்தியில் போட்ட கையெழுத்து என்பதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா?" என்கிறார். மனைவியின் மனத்தாங்கல் அதோடு தீர்ந்துவிட்டதா? "தீரவில்லை. ஆனால் நாலு மணிக்கு எழுந்திருக்க முடிகிறது" என்கிறார் மனைவி.

அவர் எழுதிய இன்னொரு கடிதம் வங்கிக்கு. 2023இல் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, மருத்துவ அறிக்கைகளின் நகல்களோடு அனுப்பினார். நாற்பதாயிரத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அதைக் கேட்கும்படி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். "பணம் என் கையால்தான் போனது. கணக்கு கணக்குதான். ஆனால் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்களே, அது பொய். அன்றைக்குக் கவனிக்க நான் அங்கே இல்லை" என்கிறார். கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய பதிவை நீக்க விதியில் இடமில்லை. மருத்துவ அறிக்கைகள் கோப்பில் சேர்க்கப்பட்டன. அவ்வளவுதான். ஆவணப் பிரிவுக்கு மாறிய பிறகு, அந்தக் கோப்பு இருக்கும் அலமாரியை அவர் தினமும் கடந்துபோகிறார். 'கவனக்குறைவு' என்ற தாளும் '39 மில்லிகிராம்' என்ற தாளும் ஒரே நாடாவில் கட்டப்பட்டிருக்கின்றன.

மகளுக்கு வயது 19. பி.காம். படிக்கிறார். இந்த மரபணு தந்தையிடமிருந்து அவருக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. பாட்டிக்கு இந்தச் சோதனையில் விருப்பமில்லை. பெண்ணுக்குக் கல்யாணமாக வேண்டும், காகிதத்தில் எழுதிவைத்தால் யார் வருவார்கள் என்கிறார். தந்தை எதுவும் சொல்லவில்லை. தாய், "தெரிந்தால் வருடா வருடம் பார்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் தாத்தா மாதிரி" என்றார். இருபது நாள் யோசித்துவிட்டு, செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள் மகள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வர சில வாரம் ஆகும்.

அளவு நோட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. தாய் புது நோட்டு வாங்கியிருக்கிறார். முன்பக்கங்களில் வழக்கம்போலத் தோள், மார்பு, கை நீளம். கடைசிப் பக்கங்களில் கணவருக்கான நான்கு பத்திகள். அதற்கு முந்தின ஒரு பக்கத்தின் தலைப்பில் மகள் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு, தேதி, கால்சியம், சர்க்கரை என்று மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறார். முடிவு எப்படி வந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப்போவதில்லை என்கிறார் அவர். நன்றாக இருந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும் அல்லவா?